துண்டுக்குள் ஒரு போன் நம்பர்

என் சித்தி ஆனந்தமேரி சூடாக டீ குடித்து நான் பார்த்ததில்லை. டம்ளரை வைத்துவிட்டு யாரையாவது தேடிப் போய்விடுவாள். எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மாத்திரை கொடுக்கும் மையத்தில் அவளுக்கு வேலை. அவர்களில் யாருக்காவது டி.பி. என்று சளிப் பரிசோதனையில் வந்தால் பெயர், விலாசம், போன் நம்பரோடு கம்ப்யூட்டரில் பதிந்து, உடனே மருந்து தொடங்க வைக்க வேண்டும். விலாசம் கேட்டால் போதும், எங்கள் ஊர்க்காரர்கள் கதை எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

சடையாண்டியும் எழுதினார். (பெயரை மாற்றிவிட்டேன்.) செவ்வாய்க்கிழமை அவருக்கு டி.பி. என்று முடிவு வந்தது. அவர் கொடுத்த நம்பருக்கு அடித்தால் பேகம்பூர் பிரியாணிக் கடையில் யாரோ, "எத்தன பார்சல்?" என்றார். தாடிக்கொம்பில் நாற்பத்திரண்டாம் நம்பர் வீட்டைத் தேடிப் போனாள். அந்தத் தெரு பதினெட்டோடு முடிந்துவிட்டது.

"ஒடம்புல தெம்பே இல்லடி அவருக்கு. இப்ப மருந்து தொடங்கலன்னா ஆளு தங்காது" என்று சித்தி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள்.

அவர் ஆட்டு வியாபாரி என்பது மட்டும் தெரியும். வியாழன் விடியலில் ஸ்கூட்டரை அய்யலூர் சந்தைக்கு விட்டாள். பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியிருந்ததால் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

சடையாண்டியைச் சுற்றி நாலைந்து வியாபாரிகள். சித்தி ஒரு கிடாயின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். "இது என்ன வெலண்ணே?"

அவர் முகம் செத்துவிட்டது. அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் கைபிடித்து விரலால் பேசுவார்கள். பழக்கதோஷம், துண்டை விரித்துவிட்டார். சித்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சளியில டி.பி. இருக்குண்ணே" என்றாள், காதோடு. "நெசமான நம்பர விரல்ல சொல்லுங்க."

"முன்ன ஆஸ்பத்திரியிலருந்து ஒருத்தரு வந்து தெருவுல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு தாயி. ஆவணியில மகளுக்குக் கல்யாணம்."

"வீட்டுக்கு யாரும் வரமாட்டாக. நான் போன்ல கூப்புடுறேன். கல்யாணத்துல நீங்க நிக்கணுமா, வேணாமா?"

துண்டு அசைந்தது. ஒவ்வொரு எண்ணாக. பூஜ்யத்துக்கு மூடிய கை.

"ஒத்தக் கிடாய்க்கு இம்புட்டு நேரமாப்பு? சம்பந்தம் பேசுறியா?" என்றார் பக்கத்து வியாபாரி.

சித்தி அந்த நம்பரை அடித்தாள். சடையாண்டியின் சட்டைப்பையில் மணி அடித்தது.

"நம்பலையா?"

"நம்பல."

ஆடுகளைப் பக்கத்து வியாபாரியிடம் விட்டுவிட்டு, சித்தி கொடுத்த மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, அன்றைக்கே மருந்து தொடங்க அவர் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினார். சித்தி பஸ்ஸை ஒட்டியே ஸ்கூட்டரை விட்டாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழுத்தை நீட்டி, யார் இறங்குகிறார்கள் என்று பார்த்தாள்.

வடமதுரையில் ஜன்னல் வழியே மாஸ்க்கோடு ஒரு தலை நீண்டது. "ஏத்தா, எறங்கிர மாட்டேன்! முந்திப் போங்க!"

சித்தி முந்தவில்லை.