அழுகையை எண்ணியவன்

படம் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அதில் எத்தனை குறை என்று சொல்வது என் பழக்கம். நூற்பாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தவன். கறுப்புப் பலகையில் நூலைச் சுற்றி, எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது, எத்தனை முடிச்சு என்று எண்ணிச் சொல்வது வேலை. ஓய்வு பெற்ற பிறகு கண் சும்மா இருக்கவில்லை. படங்களின் பக்கம் திரும்பியது.

உருக்கமான படங்களைப் பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. சாவுச் செய்தி வருவதற்கு முன்பே வயலின் வந்துவிட்டால் அந்தச் சோகம் கலப்படம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவர் கதறுவதைவிட, இறந்தவரின் சட்டையைத் துவைப்பதா மடித்து வைப்பதா என்று தெரியாமல் ஒருவர் நிற்பது மேல். நகைச்சுவைப் படங்களில் இப்போது எல்லோரும் கத்துகிறார்கள். படத்தில் இருப்பவர் தன் காரியத்தில் மும்முரமாக இருக்க வேண்டும். சிரிப்பது நம் பாடு. காலை நடைக்கு வரும் நண்பர்களிடம் இதையெல்லாம் சொல்வேன். இப்போதும் இவை சரி என்றுதான் நினைக்கிறேன். என் வெட்கம் வேறு.

நான் படத்தை மட்டும் எண்ணவில்லை. பக்கத்து இருக்கையில் என் மனைவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தால், அவள் காதருகே "ரெண்டு" என்பேன். கொஞ்சம் கழித்து "மூணு". வீட்டுக்கு வந்ததும் மகளிடம், "உங்கம்மாளுக்கு இந்தப் படத்துல ஏழு" என்பேன். அழவைக்கும் படத்தை அளக்க இதைவிட நேரான வழி எது? என் மனைவியும் சிரித்துக்கொள்வாள். அப்படித்தான் எனக்கு ஞாபகம்.

போன பொங்கலுக்கு வந்திருந்த மகள் எங்களை அவிநாசி ரோட்டு மாலில் ஒரு நகைச்சுவைப் படத்துக்கு அழைத்துப்போனாள். அதில் ஓய்வு பெற்ற ஒரு அப்பா. கூடத்தில் உட்கார்ந்தபடியே குக்கர் விசிலை எண்ணிச் சமையலறைக்கு அறிவிக்கிறார். மனைவி போனில் அக்காவிடம் எத்தனை 'அப்புறம்' சொன்னாள் என்று விரல் மடக்குகிறார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. என் கணக்குப்படி அதுதான் சரியான நகைச்சுவை. நானும் நன்றாகச் சிரித்தேன்.

அப்போதுதான் என் மனைவியின் சிரிப்பு கேட்டது. மூச்சு முட்ட, மகளின் தோளில் சாய்ந்துகொண்டு, அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மகள் மெல்லச் சொன்னாள்: "அம்மா, மெதுவாங்க. அப்பா இருக்கறாங்க."

என் சிரிப்பு நின்றுவிட்டது.

காரில் மகள் கேட்டாள். "ஏனுங்கப்பா, இன்னைக்கு எத்தனை குறைங்க?"

"பரவால்ல, நல்லாத்தான் இருந்துச்சு."

"நம்ம ஊட்லயே வந்து எடுத்தாப்பல இருந்துச்சில்லீங்கம்மா?"

"ரோட்டப் பாத்து ஓட்டு கண்ணு," என்றாள் என் மனைவி. அவள் எனக்காகப் பேச்சை மாற்றியதுதான் கூடுதலாகச் சுட்டது.

மறுநாள் காலை, அவள் வெங்காயம் அரியும்போது கேட்டுவிட்டேன். "அந்த ஆளு என்னையாட்டவா இருந்தான்?"

"அந்த ஆளு தேவலைங்க. போன்ல பேசறதத்தான் எண்ணுனான். நீங்க அழுவறதயும் எண்ணுவீங்க."

நான் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினேன்.

"இப்பெல்லாம் படம் பாத்தா எனக்கு அழுகையே வர்றதில்லீங்க. தொண்டை வரைக்கும் வருது. 'ஒண்ணு'ன்னு எண்ணுவீங்களேன்னு உள்ளயே போயிருது." பால்காரர் இன்று தாமதம் என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

கடைசியாகப் பார்த்த நான்கு உருக்கமான படங்கள் நினைவுக்கு வந்தன. நான்கையும் நண்பர்களிடம் மட்டம் தட்டியிருந்தேன். 'எங்கூட்டுக்காரியவே ஒருக்காகூட அழவெக்க முடியலைங்க, அதெல்லாம் ஒரு படமா' என்று. அவர்களும் தலையாட்டினார்கள். என் பேச்சைக் கேட்டு அதில் ஒன்றைப் பார்க்காமலே விட்டவரும் உண்டு. என் கருவி பழுதாகியிருந்தது, பழுதாக்கியவன் நான். மில்லில் இப்படி ஒரு சோதனை அறிக்கை கொடுத்திருந்தால் அன்றே வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள்.

போன மாதம் நாங்கள் இருவர் மட்டும் ஒரு அண்ணன் தங்கை படத்துக்குப் போனோம். அவளுடைய அண்ணன் சென்னிமலையில் இருந்தவர். வரும்போதெல்லாம் ஒரு போர்வை கொண்டுவந்து கொடுப்பார். இரண்டு வருடம் முன்பு தவறிப்போனார். இடைவேளைக்குப் பிறகு, இறந்துபோன அண்ணன் படுத்திருந்த வெறும் கட்டிலைத் தங்கை தட்டிப் போடுகிற காட்சி வந்தது. என் மனைவியின் கை மடியிலிருந்த கைக்குட்டைக்குப் போனது. பாதியில் நின்று, இருக்கையின் பிடியைப் பற்றிக்கொண்டது.

நான் எழுந்தேன்.

"எங்கீங்க?"

"பாத்ரூமுக்கு. நீ பாரு."

வெளியே பாப்கார்ன் விற்கும் இடத்துக்கு அருகே சும்மா நின்றேன். கதவைத் தாண்டி வயலின் கேட்டது. எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். இழுத்து இழுத்து வாசிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அது ஓய்ந்த பிறகுதான் உள்ளே போனேன்.

"நல்ல சீனுங்க, உட்டுப்போட்டீங்களே," என்றாள். குரல் கொஞ்சம் அடைத்திருந்தது. ஏசி குளிராகவும் இருக்கலாம்.

கைக்குட்டை அவள் உள்ளங்கையில் சுருண்டிருந்தது. ஈரமா என்று பார்க்கக் கண் துடித்தது. திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.