பூஜ்யம் என்று எழுதிய குழாய்

செய்தி வந்தபோது சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்தேன். இளம் மருத்துவ ஆராய்ச்சியாளர்களுக்கு உதவித்தொகை கொடுப்பதற்கான தேர்வு. நான்காவது ஆள் வெளியே போய் ஐந்தாவது ஆள் வருவதற்குள் கைப்பேசியைப் பார்த்தேன். "பூங்கொடி காலைல தவறிட்டாங்க மேடம்" என்று ஏற்காடு ஆய்வு நிலையத்திலிருந்து எழுதியிருந்தார்கள். உள்ளே வந்த பெண்ணிடம், அடுத்த ஐந்து வருஷத்தில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். அவள் பதிலுக்கு மதிப்பெண்ணும் போட்டேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

நிலையத்தில் பயிற்சி பெற்ற உங்கள் எல்லோருக்கும் பூங்கொடியைத் தெரியும். கிளியூர்க்காரி, எஸ்டேட் தொழிலாளிகளின் மகள், சேலத்தில் உயிர்வேதியியல் படித்த லேப் டெக்னீஷியன். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. மூன்றே மாதம்.

காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் இரத்தசோகையைப் பற்றிய ஆய்வுக்காக நான் மலையேறிய முதல் நாள். காலையில் வேலையாட்களைப் பேர் கூப்பிடும் இடத்தில் மேசை போட்டு ஊசியோடு நின்றோம். ஒருவரும் கிட்டே வரவில்லை. "ஏனுங்க, எங்க ரத்தத்த எடுத்துட்டுப் போயி எங்கீங்க விக்கறீங்க?" என்று ஒருவர் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. பூங்கொடி நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "குத்துங்க டாக்டரே. மொதல்ல நம்ம கை." எனக்கு நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு தடவை தவறியது. "பரவால்லீங்க, இன்னொரு கை சும்மாத்தான இருக்குது" என்றாள். கூட்டம் சிரித்தது. வரிசை சேர்ந்தது.

அதுவே வழக்கமாகிவிட்டது. இரத்தம் எடுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் முதல் ஊசி அவள் கையில்தான். புதிதாக வந்த நீங்கள் எத்தனை பேர், மலையேறும் முன்னால் நிலையத்திலேயே, அந்தக் கையில் குத்திப் பழகியிருப்பீர்கள்! சுற்றின் அந்த முதல் குழாயில் பூஜ்யம் என்று எழுதுவோம். மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க முதலில் அதைத்தான் உள்ளே விடுவோம். எண்கள் வந்தால் மெஷின் சரி. அடுத்த குழாய்.

அவளோடு நான் பெரிய சண்டை போட்டதும் உண்டு. இப்போது நான் தேர்வுக் குழுவில் இருக்கும் இதே உதவித்தொகைக்கு எனக்கு விண்ணப்பிக்க அதுதான் கடைசி வருஷம், அதன் பிறகு வயது தாண்டிவிடும். விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய ஆய்வு முடிவுகளின் தொகுப்பு அவள் பொறுப்பில் இருந்தது. நாற்பது வீடுகளுக்கு ரிப்போர்ட் இன்னும் போகவில்லை, அதனால் தரமாட்டேன் என்றாள். "ரிசல்ட்டு ஊட்டுக்குப் போவாம பேப்பரு மேலிடத்துக்குப் போவக்கூடாதுங்க." கத்தினேன். என் வாழ்க்கையோடு விளையாடுகிறாய் என்றுகூடச் சொன்னேன். "அதுக்குத்தான நானும் கூட வாரேன், நடங்க" என்றாள். இரண்டு நாள் மழையில், தொழிலாளர் வீடுகள் இருக்கும் லைன் லைனாக ஏறி இறங்கினோம். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்துப் படித்துச் சொன்னாள். நிலையத்தில் இன்டர்நெட் போய்விட்டதால் ஏற்காட்டு ஒண்டிக்கடை சந்திப்பில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து கடைசி மணி நேரத்தில் விண்ணப்பத்தை அனுப்பினோம். கிடைத்தது. என் பிழைப்பே அதிலிருந்து தொடங்கியதுதான்.

அவளுக்கு என்ன கிடைத்தது? வருஷா வருஷம் ஒப்பந்தம் முடியும், புதுப்பிப்பார்களா என்று காத்திருப்பாள். உங்கள் விண்ணப்பங்களில் இணைப்பு விட்டுப்போனதைக் கண்டுபிடித்துத் தருவாள். ஒரு நாள், "எங்களாட்டம் டெக்னீசியனுக்கு ட்ரைனிங்கு, பெல்லோஷிப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

காரியத்துக்குக் கிளியூர் போனேன். அவள் அம்மா ராசம்மா எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "கண்ணு, ஒண்ணு கேக்கட்டுங்களா? ஊர்ல அத்தன பேருக்கும் ரிசல்ட்டு கொண்டாந்து குடுத்தா. அவ கையிலயும்தான ரத்தம் எடுத்தீங்க. அது என்னாச்சுங்க?"

காப்பியை வைத்துவிட்டேன்.

என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். ஊழியர்கள் ஆய்வில் சேர மாட்டார்கள் என்பதால், கணக்கிடுவதற்கு முன்னால் பூஜ்யம் வரிசையை நீக்குவோம். நீக்கியது நான்தான். ஆனால் மெஷினிலிருந்து வந்த மூலக் கோப்பு என்னிடம் அப்படியே இருந்தது. சென்னைக்குத் திரும்பியதும் திறந்தேன். மூன்று சுற்று, மூன்று பூஜ்யம். முதல் சுற்றில் வெள்ளையணுக்கள் சரியாக இருந்தன. இரண்டாவதில் எல்லையில். மூன்றாவதில் எந்தப் பயிற்சி மாணவனும் நின்று பார்த்திருக்க வேண்டிய எண். வேறு யாருடைய குழாயாக இருந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்போம். விளக்குக்கு அடியில்தான் இருட்டு என்பார்கள். நாங்கள் மெஷினைப் பார்த்தோம், அவளைப் பார்க்கவில்லை. அவளுமே பார்த்துக்கொள்ளவில்லை.

மற்றவர்களுக்குக் கொடுத்த அதே படிவத்தில் அச்சடித்தேன். பேர்: பூங்கொடி. ஊர்: கிளியூர். குப்பனூர் வழியாகப் பஸ் ஏறி மறுபடி போனேன். ராசம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கெங்க கண்ணு படிக்கத் தெரியும், நீங்களே படிங்க."

விரலை வைத்துப் படித்தேன். நாங்கள் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்பதையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

"இது எப்பத்து ரிசல்ட்டுங்க?"

"ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

தாளைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு, "அப்ப நல்லாத்தான இருந்தா. அன்னைக்கெல்லாம் மலையேறி வேலைக்குப் போனாளே" என்றார். தாளை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அடுத்த சுற்றுக்கு மலையேறப் போகும் பயிற்சியாளர்களே, முதல் ஊசியை இனி உங்கள் கையில் குத்திக்கொள்ளுங்கள். அந்தக் குழாயில் பூஜ்யம் என்று எழுதாதீர்கள், பேரை எழுதுங்கள். வந்த எண்களை உட்கார்ந்து படியுங்கள். பூங்கொடியிடமிருந்து எனக்கு மிஞ்சியது மூன்று வரி எண்கள். அவற்றை நான் இனி நீக்க மாட்டேன்.