மிஞ்சினவருக்கு முழுவதும்

மட்டாஞ்சேரியில் எங்கள் வீடும் அதன் கீழே இருந்த சுக்குக் கிடங்கும் தாத்தா விட்டுப்போன கூட்டுச் சொத்து. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்தே நடத்திவந்தார்கள். எழுபதுகளின் கடைசியில், எனக்குப் பதினைந்து வயதானபோது, கிடங்கில் மூட்டை அடுக்கு சரிந்து அப்பா செத்துப்போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை பெரியப்பா கடப்பாரையோடு எங்கள் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

“கூட்டுச் சொத்துல ஒருத்தன் போனா மிஞ்சினவனுக்குத்தான் முழுசும். நீயும் பொண்ணும் கஞ்சி குடிச்சிட்டுப் பின்கட்டுல கிடக்கலாம். பங்குன்னு கேக்கப்படாது.”

“அவரு பாதி எங்கே போச்சு அத்தான்?” என்று அம்மா கேட்டாள்.

அறை விழுந்தது. அம்மா நகரவில்லை. கூந்தலைக் கையில் சுற்றி இழுத்தார். அவள் நெற்றி அம்மிக்கல்லில் மோதியது.

“வெளியே தள்ளுங்கோ அவளை,” என்றாள் பின்னால் நின்ற பெரியம்மா.

மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கி சுவரில் தொங்கியது. எடுத்துப் பெரியப்பாவின் தோளில் இறக்கினேன். சதைக்குள் அது போனபோது எனக்குப் பயமே இல்லை, சந்தோஷமாக இருந்தது. மறுபடி ஓங்கினேன். ஓடிவந்த சுமைக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போதும் மோளே! ஆளு செத்துப்போகும்!”

அம்மாவுக்கு ஒன்பது தையல். அந்தக் கட்டோடுதான் சுள்ளிக்கல்லில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனோம்.

“சேட்டன் சொல்றது பழைய நியாயம். கூட்டுக்குடும்ப முறையையே இங்கே சட்டம் போட்டு எடுத்தாச்சு. உங்க பர்த்தாவு மரிச்சது அதுக்கப்புறம். அவரோட பாதி உங்களுக்கும் மோளுக்கும்தான்,” என்றார்.

வழக்கு ஏழு வருடம் இழுத்தது. அதற்குள் பெரியப்பா எங்கள் கிணற்றில் மண்ணெண்ணெய் ஊற்றினார்; இரண்டு முறை ஜன்னலை உடைத்தார். கடைசியில் பாதி எங்களுக்கு என்று தீர்ப்பானது. சில மாதங்களில் அவர் இறந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

பெரியம்மா அம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

“இனி மிஞ்சினது நீயும் உன் பொண்ணும்தான். என்னை வெளியே இறக்கி விட்டுடுவியா?”

அம்மா வாய் திறக்குமுன் நான் பெரியம்மாவின் பாத்திரங்களைத் தெருவில் எறியத் தொடங்கிவிட்டேன். அம்மா எழுந்துவந்து என் கன்னத்தில் அறைந்தாள். அவள் என்னை அடித்தது அதுவே முதல் தடவை. உதடு கிழிந்தது.

“அவ புருஷனோட பாதி அவளோடதுடி. போய்ப் பொறுக்கு.”

வாயில் ரத்தத்தோடு ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பெரியம்மாவை நான் மன்னிக்கவில்லை. அம்மாவும் மன்னித்ததாகத் தெரியவில்லை. தான் சாகும்வரை அம்மா பெரியம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.