ஸபீர் நானா பயந்த கேள்வி

"வாப்பா மவுத்தாகிட்டாங்க சேர். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்று ஸபீர் நானாவின் மகன் ரிஸ்வி போனில் சொன்னதும் எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. ஐயோ, இன்றைக்குக் கூட்டத்தில் யாராவது எழும்பிவிடுவார்களோ?

இதை வாசிக்கும் ஊர்க்காரரே, உங்களில் பலர் ஸபீர் நானாவிடம் ஏமாந்தவர்கள். ஆகவே மறைக்க ஒன்றுமில்லை. வெங்காயப் பாத்தி வெட்டும்போது கிடைத்த ஒல்லாந்தர் காலத்துத் தங்கக் காசு என்று பித்தளையை விற்றவர் அவர். நான் அப்போது கற்பிட்டியில் பொலிஸ் சார்ஜன்ட். பிடித்த அன்றே கன்னத்தில் ஓர் அறை விட்டேன். "கை நோகல்லயா சேர்?" என்று கேட்டாரே, பாவி மனுஷன்!

சிறையிலிருந்து வந்தபின் அந்தத் தொழிலை விட்டுவிட்டார். பிறகு வேறொரு கூட்டம் அதே காசு வித்தையைத் தொடங்க, நான்தான் வெட்கத்தை விட்டு அவரிடம் போனேன். காசில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பொய் சொல்றதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும் சேர். கற்பிட்டி வெங்காயம் மணல்லதானே வெளையுது? இது வண்ணாத்திவில்லுச் செம்மண்." அங்கே போய்த் தேடினோம்; மூன்றாம் நாள் ஆட்கள் அகப்பட்டார்கள். அதன்பின் எத்தனையோ வழக்குகளில் எங்களுக்குக் கைகொடுத்தார்.

ஆனால் ஒரு பயம் அவரைக் கடைசிவரை விடவில்லை. "அடக்கத்துக்கு முந்தி மய்யித்த வெச்சிட்டுக் கேப்பாங்களே சேர், இவர் யாருக்காச்சும் அநியாயம் செஞ்சிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்க எண்டு. அந்த நேரம் கரைத்தீவு ஹமீது காக்கா எழும்பினா என்னத்த செய்ற?" மகளின் கலியாண நகையை விற்று அந்தப் பித்தளையை வாங்கியவர் ஹமீது காக்கா. கலியாணமே நின்றுபோனது.

பள்ளிவாசல் முற்றத்தில், கத்தோலிக்கனான நான் ஓரமாக நின்றேன். ரிஸ்வி அந்தக் கேள்வியைக் கேட்டான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹமீது காக்கா முன்னால் வந்தார்.

"பெருநாளைக்குப் பெருநாள் என்ட வாசல்ல வந்து மன்னிப்புக் கேட்டு நிண்டவர்," என்றார். "நான் ஒருநாளும் கதவு திறக்கல்ல. இண்டைக்கு மன்னிச்சிட்டேன் மகன். திறக்காம விட்டதுக்கு நான் இப்ப யார்ட்ட போய் மன்னிப்புக் கேக்கிற?"

நான், அன்று அவரை அறைந்த என் வலக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஸபீர் நானாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய அந்த முதல்நாள் கேள்விதான். நோகுது நானா. இப்பத்தான் நோகுது.