தனி உலை

ஒரு வளவுக்குள் எத்தனை குடும்பம் இருக்கிறது என்பதை அரசாங்கம் கூரையை எண்ணித் தெரிந்துகொள்வதில்லை, அடுப்பை எண்ணித்தான் தெரிந்துகொள்கிறது. இதை எனக்கு எந்த வாத்தியாரும் படிப்பிக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் வீட்டு வெங்காயக் கொட்டிலுக்குள் குந்தியிருந்து நானே படித்துக்கொண்டேன்.

அச்சுவேலியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. அப்பா குத்தகைக் காணியில் வெங்காயம் வைப்பார். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா. அவரை நான் மாமி என்பேன். மாமி கலியாணம் கட்டவில்லை. அப்பா தவழ்ந்து திரிந்த வயதில் அவர்களுடைய தாய் செத்துப்போனார். அன்றைக்கு இடுப்பில் தூக்கிய தம்பியை இறக்கி வைக்க மாமிக்கு நேரம் வரவில்லை என்று ஊரில் பகிடியாகச் சொல்வார்கள். குசினி முழுக்க மாமியுடைய ஆட்சி. அம்மா வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை வருடம் கழித்தும் மிளகாய்த்தூள் போத்தலை மாமியிடம் கேட்டுத்தான் எடுப்பார், மாமி கண்ணால் காட்டுவார். அதில் சண்டை ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு அது வசதியாகவும் இருந்தது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மாமி கறிச்சட்டிக்குள்ளேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து, அப்பாவோடு தோட்டத்துக் கதை கதைத்துக்கொண்டு சாப்பிடுவார்.

மாமிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. ஒரு மாரியில் காலில் ஏதோ குத்தி, அது புண்ணாகி, ஆறாமல் கிடந்தது. ஒன்றைவிட்ட ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கட்ட வேண்டும். பஸ்ஸில் ஏற முடியாது, ஓட்டோதான். அந்தப் போகம் பார்த்து வெங்காய விலையும் விழுந்துவிட்டது. இரண்டு கிழமை போகாமல் விட்டுப் போனபோது டாக்குத்தர் புண்ணைப் பார்த்துவிட்டு, இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் நான் மாமியின் மடியில் இருந்தேன். அந்தக் காலில் முட்டாமல் இருக்க வேண்டும் என்பதில்தான் என் கவனம் முழுக்க இருந்தது.

அதற்குப் பிறகு அப்பா உதவி தேடிப் புறப்பட்டார். வேட்டியை மடித்துக் கட்டித் தோட்டத்துக்குப் போகிற மனிசன், காற்சட்டை போட்டுக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராகத் திரிந்தார். முதியோருக்கான காசு இருக்கிறதாம், ஆனால் எழுபது வயது ஆக வேண்டுமாம். மாமிக்கு இன்னும் சில வருடம் கிடந்தது. அதுவரைக்கும் பொறுத்திருக்கச் சொல்லி அக்காவின் காலிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்ததாக அப்பா வீட்டில் சொன்னார். அங்கே சொல்லியிருக்க மாட்டார், வருகிற வழியில் நினைத்திருப்பார். பிறகு ஒரு தொண்டு நிறுவனம். அங்கே நன்றாக உபசரித்து, தேத்தண்ணியும் கொடுத்து, தாங்கள் செயற்கைக் கால் மட்டும்தான் கொடுப்பதாகவும், அக்காவின் காலை எடுத்த பிறகு அறிவிக்கும்படியும் சொன்னார்கள். அப்பா அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்ததைத்தான் பெரிய அவமானமாக நினைத்தார்.

கடைசியில், ஆதரவில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற மாதக் காசுக்கு எழுதித் தரக் கேட்டு விதானையார். கிராம அலுவலர் என்பதுதான் இப்போது அவருடைய பட்டம், ஊருக்கு அவர் எப்போதும் விதானையார்தான். அவர் எங்கள் வீட்டுக்கே வந்து, செருப்பைக் கழற்றாமல் படியில் நின்று கதைத்தார்.

"உழைக்கிற தம்பியோடை ஒரே உலையிலை சாப்பிடுற ஆளுக்கு நான் என்னெண்டு ஆதரவில்லாதவ எண்டு எழுதிறது? வேறை உலை எண்டால் எழுதலாம்."

சொல்லும்போது அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, முருங்கை மரத்தைப் பார்த்தார். நல்ல மனிசன். எப்படிச் செய்யலாம் என்பதை, செய் என்று சொல்லாமலே சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு அதை மாமியிடம் சொல்ல வாய் வரவில்லை. அம்மாதான் சொன்னார். மாமி அப்போது தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சும்மா ஒரு பேருக்குத்தான் மச்சாள், வந்து பார்த்துவிட்டுப் போகுமட்டும்தான், காலுக்காகத்தான் என்று அம்மா ஒன்றைப் பல தரம் சொன்னார். மாமி துருவுவதை நிறுத்தவில்லை. பாதி முடிந்ததும் மற்றப் பாதியை எடுத்தார்.

"ஓம், செய்யுங்கோ" என்றார்.

வெங்காயக் கொட்டில் வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தது. அப்பா வெங்காயப் பிடிகளை ஒரு பக்கம் ஒதுக்கி, தென்னங்கிடுகால் மறைப்புக் கட்டி, மூன்று கல் வைத்து அடுப்பு ஆக்கினார். அம்மா குசினியிலிருந்து ஒரு பானை, இரண்டு சட்டி, ஒரு அகப்பை கொண்டுபோய் வைத்தார். எனக்கோ தலைகால் தெரியாத புளுகம், அவ்வளவு சந்தோசம். அதுவரை சிரட்டையிலும் மண்ணிலும் சோறு கறி சமைத்து விளையாடிய எனக்கு, பெரிய ஆட்கள் எல்லோரும் சேர்ந்து உண்மையான பானை சட்டியோடு விளையாட்டு வீடு கட்டித் தந்தால் எப்படி இருக்கும்? ஊமல் பொறுக்கிக்கொண்டு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் குவித்தேன். பனங்கொட்டைச் சிரட்டைதானே, நின்று எரியும்.

அடுப்பில் சாம்பல் இல்லாவிட்டால் வருகிறவர் கண்டுபிடித்துவிடுவார் என்று அம்மா எங்கள் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு போனார். மாமி வாசலில் நின்று மறித்தார்.

"பால் பொங்காத அடுப்பிலை நான் உலை வைக்கமாட்டன்."

"உது சும்மா காட்டத்தானே மச்சாள்."

"அடுப்புச் சும்மா வைக்கிறேல்லை."

கலண்டரில் நல்ல நேரம் பார்த்து, அடுத்த நாள் காலமை குளித்து, திருநீறு பூசி, மாமி புது அடுப்பில் பால் காய்ச்சினார். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. நான் கைதட்டினேன். புது வீட்டுக் குடிபூரலில் செய்வதுபோலவே மாமி எங்களுக்கெல்லாம் தம்ளரில் ஊற்றித் தந்தார். எல்லாருக்கும் முதல் அப்பாவுக்கு. "எடு தம்பி, குடி" என்றார். அப்பா தோட்டத்துக்குப் போகிற அவசரத்தில் நின்றநிலையில் ஊதி ஊதிக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். புது வீட்டுக்காரர் தருகிற பாலை வந்தவர்கள் குடிப்பார்கள். அதை நாங்கள் குடித்தோம் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பிரதேச செயலகத்திலிருந்து ஒரு மிஸ் வந்தார். இளம் பெண், ஸ்கூட்டியில் வந்தார், வெயிலில் முகம் சிவந்துபோயிருந்தது. மாமி கொட்டிலில் குரக்கன் பிட்டு அவித்துக்கொண்டிருந்தார். அம்மா தனக்கு ஒன்றும் தெரியாததுபோலக் குசினியில் நின்றார். அப்பா கிணற்றடியில் கால் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். என்னை வாய் திறக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் கொட்டிலின் கப்புத்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மிஸ் அடுப்பைப் பார்த்தார், புண்ணைப் பார்த்தார், அடையாள அட்டையைப் பார்த்தார். தம்பி வீட்டில் சாப்பாடு தருவதில்லையா என்று கேட்டார்.

"அவைக்கு அவையின்ரை பாடு. நான் தனிய."

"தம்பியை நீங்கள்தானே அம்மா வளர்த்தனீங்கள்? விதானையார் சொன்னவர்."

மாமி பிட்டுக் குழலைத் திருப்பி வைத்தார். கிணற்றடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

"வளர்த்தன். வளந்திட்டான்."

மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டாயம் செய்து தருகிறேன் அம்மா என்று மாமியின் கையைப் பிடித்துச் சொன்னார். போகும்போது கிணற்றடியில் நின்ற அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை அப்பா வாழ்நாளுக்கும் மறந்திருக்க மாட்டார். ஸ்கூட்டிச் சத்தம் ஒழுங்கை முடக்கில் மறைந்ததும் அம்மா சிரித்துக்கொண்டு வெளியே வந்து, மச்சாள் நாடகத்துக்குப் போயிருக்க வேண்டிய ஆள் என்றார். அப்பா சிரிக்கவில்லை. மாமியும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் அம்மா சமைத்து, வழக்கம்போல மாமியைக் கூப்பிட்டார். மாமி வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன். இங்கே பிட்டு இருக்கிறதுதானே என்றார். பின்னேரமும் வரவில்லை. அடுத்த நாள் விடியக் கொட்டிலில் புகை எழும்பியது. அம்மா ஓடிப்போய், அதுதான் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்களே மச்சாள், இனி என்னத்துக்கு என்று கேட்டார். அரசாங்க ஆளுக்கு முன்னால், பொங்கின அடுப்புக்கு முன்னால் சொன்னது சொன்னதுதான், தன்னைப் பொய்க்காரி ஆக்க வேண்டாம் என்று மாமி சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அம்மா சமாதானம் பண்ணியிருப்பார்.

காசு வரத் தொடங்கியது. பெரிய காசு இல்லை, ஓட்டோவுக்கும் மருந்துத் துணிக்கும் காணும். அப்பா இதற்காகத்தான் காத்திருந்தார். முதல் மாதக் காசை எடுத்து வந்த அன்று, சட்டை மாற்றாமல் நேரே கொட்டிலுக்குப் போனார்.

"இனிக் காணும் அக்கா. இனி ஒருத்தரும் வந்து பாக்கமாட்டினம். வா வீட்டை."

"நான் வீட்டைதானே இருக்கிறன்."

"உது வெங்காயக் கொட்டில்."

"நீ கட்டித் தந்ததுதானே தம்பி."

அப்பா அடுப்புக் கல்லை உதைக்கக் காலைத் தூக்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அவர் காலைக் கீழே விட்டு, அப்படியே நிலத்தில் குந்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். மாமி அவருடைய தலையைத் தடவவில்லை. அகப்பையால் உலையைக் கிண்டினார். எனக்கு அப்போது மாமியில் கோபம் வந்தது, இன்றைக்கும் அந்த ஒரு இடத்தில் எனக்கு மாமியில் கோபம்தான். ஆனால் வேறு அடுப்பு வைக்கச் சொன்னவர்கள் நாங்கள். பிறத்தியார் நடுவில் நின்று பாகம் பிரிக்கிற வீடுகளில்தான் உலை வேறாகும். அந்தச் சொல்லை மாமியிடம் எவ்வளவு இலேசாகச் சொல்லிவிட்டோம்.

கால் தப்பியது. அதைச் சொல்ல வேண்டும், அந்தக் காசு செய்ய வந்த வேலையைச் செய்தது. புண் காய்ந்து, மாமி தடி ஊன்றி நடக்கத் தொடங்கினார். அந்தக் காலால் கிணற்றடிக்கு நடந்தார், கோயிலுக்கு நடந்தார். எங்கள் குசினி வாசற்படியை மட்டும் அந்தக் கால் பிறகு மிதிக்கவே இல்லை. அம்மா மிளகாய்த்தூள் போத்தலைத் தானே எடுக்கப் பழகினார்.

எனக்கு மட்டும் ஒரு குறையும் இருக்கவில்லை. இரண்டு வீடு, இரண்டு சாப்பாடு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேரே கொட்டிலுக்குத்தான் போவேன். ஒருநாள் மாமி வாழையிலைத் துண்டு போட்டு, எனக்குச் சோறும் முருங்கையிலை வறையும் வைத்தார். வந்த ஆட்களுக்குப் போடுவதுபோல, நான் போதும் போதும் என்ன, இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று கேட்டுக் கேட்டுப் போட்டார்.

"உங்கடை வீட்டிலை இண்டைக்கு என்ன கறி, பிள்ளை?"

எனக்கு விளையாட்டு நன்றாகப் பிடித்துவிட்டது. நானும் பெரிய மனிசிபோலக் காலை மடித்து இருந்து, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, சொதி என்று அடுக்கினேன். கத்தரிக்காய் உங்களுடைய தோட்டத்ததோ என்று கேட்டார். ஓம் என்றேன். காய்ப்பு எப்படி, அப்பா முதுகு நோ என்று சொன்னவர், இப்போது சுகமோ, அம்மா என்ன செய்கிறார் என்று எல்லாம் கேட்டார். நான் கை கழுவிவிட்டு, போட்டு வாறன் மாமி என்றேன்.

"பாத்துப் போ, குஞ்சு. எல்லாரையும் கேட்டதாச் சொல்லு."

கிணற்றைச் சுற்றி ஓடினால் எங்கள் குசினி. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நின்று, மாமி எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார் என்று ஒப்புவித்தேன். அப்பா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழும்பிக் கை கழுவப் போனார். அம்மா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். கறிக்கு உப்புக் கூடிவிட்டதாக்கும் என்று நான் நினைத்தேன்.