இந்த முறை பீட்ரூட்

மெல்பர்னின் இந்த ரயில் பாதை கிளென் வேவர்லியோடு முடிகிறது. ஊருக்குள் திரும்பும் வண்டிக்காக நடைமேடை பெஞ்சில் காத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு பெண்மணி. தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, அதன்மேல் கம்பளித் தொப்பி போட்டிருக்கிறார். அவர் காதோரம் சிவப்பாக ஏதோ வழிகிறது. ரத்தம் என்று பதறிக் கைக்குட்டையை நீட்டுகிறேன்.

“பயப்பிடாதேங்கோ தம்பி, பீட்ரூட் சாறு. மருதாணியும் தேயிலைச் சாயமும் சேர்த்துப் பூசினனான். இண்டைக்கெண்டு நாங்கள் இருக்கிற வாடகை வீட்டைச் சோதிச்சுப் பாக்க ஏஜென்ட் வாறான். குசினியில, சமைக்கிற இடத்தில, ஒரு சொட்டு விழுந்தாலும் கரைச்சல், கறைக்குக் காசு கேப்பான். அதுதான் இங்க வந்து இருக்கிறன்.”

“நரை கறுக்காதே அம்மா, சிவந்துதானே போகும்?”

“ஓம். எல்லாரும் கடைச் சாயம் பூசச் சொல்லுகினம். மூத்தவளின்ர கலியாணத்துக்கு அதைத்தான் பூசினனான். ரெண்டு கண்ணும் வீங்கி மூடிப்போச்சு. தாலி கட்டினதை நான் காணேல்லை.”

வண்டி வந்து நிற்கிறது. நான் எழுகிறேன். அவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொள்கிறார்.

“சனிக்கிழமை இளையவளுக்குக் கலியாணம். தலை என்ன நிறத்திலயும் இருக்கட்டும் தம்பி. இந்த முறை நான் பாக்கோணும்.”