மிலானுக்குத் தேவைப்படாத கடிதம்

2017 ஒக்டோபர் 1. ஸ்பானிய நீதிமன்றம் இடைநிறுத்தியிருந்த சுதந்திர வாக்கெடுப்பு கற்றலோனியாவில் நடந்தது.
ஒக்டோபர் 22. வட இத்தாலியின் லொம்பார்தியாவும் வெனெத்தோவும் கூடுதல் சுயாட்சி கோருவது குறித்துத் தம் மக்களிடம் வாக்கெடுத்தன.
நவம்பர் 5. சிசிலி தன் பிராந்தியச் சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுத்தது.

இந்த ஐந்து வாரங்களும் என் மனைவி பலெர்மோவில் காத்திருந்தாள். அவளுக்கான சத்திரசிகிச்சை லொம்பார்தியாவின் தலைநகரான மிலானில் நடக்க வேண்டியிருந்தது. அங்குள்ள மருத்துவமனை அவளை ஏற்றுக்கொண்டிருந்தது. மகளும் அங்கேதான் இருந்தாள்.

இலங்கையில் நான் அரசியல் விஞ்ஞானம் கற்பித்தவன். அதிகாரப் பகிர்வே என் பாடம். பலெர்மோவில், பொலிதேயாமா பகுதியில் ஒரு முதிய இத்தாலியப் பெண்மணியைப் பராமரித்துவந்தேன். இத்தாலியில் சுகாதாரம் பிராந்தியங்களின் பொறுப்பு என்பதை அறிந்திருந்தேன். ஆகவே ஒரு பிராந்தியத்தின் நோயாளி இன்னொன்றுக்குச் செல்ல அனுமதிக் கடிதம் வேண்டும் என்று முடிவுசெய்தேன். எவரிடமும் கேட்கவில்லை. போர்க்காலத்தில் வவுனியாவைத் தாண்ட இராணுவத்திடம் பாஸ் எடுத்து வாழ்ந்தவனுக்கு அது ஐயத்துக்கு இடமில்லாத விடயம். சட்டப்பிரிவுகளைக் குறிப்பிட்டு, பிழையற்ற இத்தாலிய மொழியில் ஒரு விண்ணப்பம் எழுதிச் சிசிலியின் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை.

லொம்பார்தியா வாக்களித்த ஞாயிறன்று, அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் மேல்மாடியில் குடியிருந்த மன்னார்க்காரர் என் மனைவியைப் பார்க்க வந்தார்.

“வாத்தியார், மிலான்காரருக்கு இன்னும் அதிகாரம் வேணுமாம். சிசிலிக்கு அது எப்பவோ கிடைச்சிட்டுது எண்டு சொன்னனீங்கள் எல்லே?”

“ஓம். இஞ்சை தனிப் பாராளுமன்றமே இருக்கு.”

“அப்ப பஸ் எத்தனை மணிக்கு வருமெண்டு அதிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ. ஒரு மணித்தியாலம் நிண்டுபோட்டு நடந்து வாறன்.”

கட்டிலில் கிடந்தவள் சிரித்தாள். “அவருக்குப் பஸ் என்னத்துக்கு? சட்டம் இருந்தாக் காணும்.”

அவர் போனபின் அவள் கேட்டாள்: “இஞ்சாருங்கோ, கடிதம் இல்லாமலே போய்ப் பாப்பமே?”

“அங்கை வாசலிலை வைச்சுத் திருப்பி அனுப்பினா உமக்குத்தான் கஷ்டம்.”



தேர்தலுக்கு அடுத்த வாரம் அவளை இனிப் பயணம் செய்விக்க இயலாது என்று மருத்துவர் சொன்னார். அதன் பிறகே, என்னால் விளக்க முடியாத பிடிவாதத்துடன், அந்தக் கடிதம் கேட்டு அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்த பெண் விண்ணப்பத்தை இருமுறை வாசித்தாள். இதற்கு அனுமதி தேவையில்லை, மருத்துவரின் பரிந்துரைச் சீட்டுடன் யாரும் எந்தப் பிராந்தியத்துக்கும் போகலாம் என்றாள். விண்ணப்பம் மிக நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்றும் சொன்னாள்.

வீட்டில் மனைவி கேட்டாள்: “கடிதம் வந்ததோ?”

“இன்னும் இல்லை.”

அந்த மாதம் முடியுமுன் அவள் இறந்தாள். அடக்கம் முடிந்து படியேறும்போது மகள், “இந்த ரெஜோனே, இந்தப் பிராந்திய அரசாங்கம், ஒரு கடிதம் தந்திருந்தா அம்மா இருந்திருப்பா,” என்றாள். நான் கைப்பிடியைப் பிடித்து நின்றேன். மன்னார்க்காரர், “பிள்ளை, அப்பாவை இருக்க விடு,” என்றார். இன்றுவரை மகள் சிசிலியைத்தான் வெறுக்கிறாள்.

செய்யாமல் விடப்பட்டவை:

மிலான் மருத்துவமனைக்கு, கட்டில் தேவையில்லை என்று அறிவித்தல்.
மனைவியின் சுகாதார அட்டையை ஒப்படைத்தல்.
எவரும் மறுக்கவில்லை, எவரும் மறுத்திருக்கவும் முடியாது என்பதை மகளிடம் சொல்லுதல். தொலைபேசியில் அல்ல, நேரில்.
அதற்காக மிலானுக்குப் பயணச்சீட்டு எடுத்தல்.